மூன்றாம் வருசத்துச் சன்னதம்

சன்னதமா? அந்தச் சொல்லுக்கா தம்பி அர்த்தம் கேக்கிய? அப்போ சரியான ஆளுக்குப் பக்கத்துலதான் வந்து உக்காந்திருக்கிய. ஒரு வருசமா நான் அந்தச் சொல்லு பின்னாலதான் அலைஞ்சிக்கிட்டு கெடக்கேன். அந்தப் பைய கொஞ்சம் தள்ளி வையுங்க, கால நீட்டிக்கிடுதேன். வள்ளியூர் தாண்டிட்டா இந்த பஸ்சு நின்னு நின்னுதான் போவும். ஆலடிவிளைக்கு ரோடு பிரியுத விலக்கு வாரதுக்குள்ள சொல்லி முடிச்சிரலாம்.

அகராதி போடுதோம்னு சொன்னிய. நல்லது. ஊரு ஊராப் போயி சொல்லு பொறுக்குதது ஒரு வேலைன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். ஆனா ஒண்ணு, நான் சொல்லுத மாதிரியே எழுதணும். அச்சுல ஏறிட்டா பெறவு எந்தப் பயலும் மாத்திப் பேச முடியாதுலா. எனக்கு அதுதான் வேணும்.

எம்பேரு தவசிலிங்கம். தவசி சவுண்ட் சர்வீஸ்னு கேட்டுப் பாருங்க, இந்தச் சுத்துவட்டாரத்துல தெரியாத ஆளு கெடையாது. பந்தலு, சீரியல் லைட்டு, குழாய் ரேடியோ எல்லாம் நம்மகிட்ட உண்டு. கொடைன்னா நான் இல்லாம கெடையாது. கொடைன்னா தெரியும்லா? கோயில் விழா. நம்ம பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். எழுதிக்கிடுங்க.

இப்ப முன்னாடி பாருங்க. டிரைவருக்குப் பின்னால, ஜன்னலோரம், பச்சைச் சேல. தெரியுதா? அவதான் எம்பொண்டாட்டி சொர்ணம். ரொம்ப எட்டிப் பாக்காதிய, திரும்பிரப் போறா. திரும்ப மாட்டா, இருந்தாலும். ஒரே பஸ்லதான் வாரோம், ஆனா சேந்து வரல. அவ டிக்கெட்ட அவ எடுத்திருக்கா, என் டிக்கெட்ட நான் எடுத்திருக்கேன். எங்க போறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. சொல்லாட்டா எனக்குத் தெரியாதாக்கும். மடியில மஞ்சப்பை வச்சிருக்காள்லா, அதுக்குள்ள எங்க மவ கனியோட சேல ஒண்ணு இருக்கு. காலையில மடிச்சு வச்சதப் பாத்தேன். ஆலடிவிளைக்குப் போறா, மவளக் கூட்டிட்டு வார. அதத் தடுக்கத்தான் நானும் ஓடி வந்து ஏறினேன். காலுல செருப்பப் பாருங்க, ஜோடி மாறிக் கெடக்கு.

அதுக்கும் சன்னதத்துக்கும் என்ன சம்பந்தம்னு பாக்கிய. இருக்கு. சொல்லுதேன்.

சன்னதம்னா சாமி வந்து ஒரு ஆளு மேல எறங்குதது. அது உங்களுக்கே தெரியும். ஆனா சொல்லு எங்கேருந்து வந்துச்சுன்னா, அங்கதான் ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாவ. எங்க கோயிலுக்கு வில்லுப்பாட்டு பாட வார புலவர் இருக்காரு, அவரு சொல்லுதாரு, சன்னிதிங்கிற சொல்லுதான் சன்னதம் ஆயிட்டாம். அம்மன் நிக்க எடம் சன்னிதி, அம்மன் ஒரு ஆளு உடம்புல வந்து நின்னா அந்த உடம்பே சன்னிதி. கேக்க நல்லாத்தான் இருக்கு. கோயில் கமிட்டித் தலைவர் வேற சொல்லுதாரு. அந்தக் காலத்துல ராஜா குடுக்க உத்தரவுக்கு சன்னதுன்னு பேராம், அது கையில இருந்தா அவன் பேசுதது ராஜா பேசுத மாதிரியாம். அம்மன் அப்படி ஒரு சன்னது குடுத்து அனுப்புதா, அதான் சன்னதம்ங்காரு. எனக்கு ரொம்ப நாளா அதுதான் பிடிச்சிருந்துச்சு. பெறவு தமிழ் வாத்தியார் ஒருத்தரத் தேடிப் போனேன், ரிட்டயர்டு ஆனவரு. அவரு ரெண்டு பேரும் தப்புன்னுட்டாரு. அது வடக்கேருந்து வந்த சொல்லாம், இடுப்புக் கச்சைய இறுக்கிக் கட்டி, சண்டைக்கு ஆயத்தமா நிக்கதுன்னு அர்த்தமாம். கவசம் போட்டவன் நிக்க நெலமையாம். இது எப்படி இருக்கு பாருங்க. எங்கயாவது பொம்பளையாளு கச்சைய கட்டிக்கிட்டு நிப்பாளா? நான் வாத்தியார்கிட்ட எதுத்துப் பேசல, எந்திரிச்சு வந்துட்டேன்.

எனக்கு வேண்டியது அது இல்ல தம்பி. சன்னதத்துல இருக்கவளுக்கு தான் பேசுதது தனக்குத் தெரியுமா, தெரியாதா? அது ஒண்ணுதான் கேள்வி. தெரியும்னா அது சன்னதம் இல்ல, வேசம். வேசத்துக்கு நான் ஏன் கட்டுப்படணும்? இதத்தான் நீங்க அகராதியில தெளிவாப் போடணும்.

முதல்லேருந்து சொல்லுதேன்.

எங்களுக்கு பேச்சியம்மன்தான் எல்லாம். பெத்தவளுக்கும் புள்ளைக்கும் அவதான் காவல். அவளுக்கு ஆடிக்கிட்டு இருந்தது எங்க பெரியம்மை மாலையம்மா. அவ செத்த பெறவு, அவ கையில பிடிச்சு ஆடுத பிரம்பு ஆளில்லாம கெடந்துச்சு. எங்க கோயில்ல ஒரு வழக்கம் உண்டு. புதுசா ஆடுத ஆளு யாருன்னு நாங்களா சொல்ல முடியாது. கொடையன்னைக்கு பிரம்ப எங்கயாவது ஒளிச்சு வச்சிருவோம். எங்க குடும்பத்துப் பொம்பளையாளுகள்ல யாருக்கு சன்னதம் வருதோ, அவ நேராப் போயி அந்தப் பிரம்ப எடுத்துட்டு வரணும். எடுத்துட்டு வந்துட்டா பெறவு அவ வாயில வாரது அம்மன் வாக்கு. மறுபேச்சு கெடையாது.

அந்த வருசம் ஒளிச்சு வைக்கிற பொறுப்ப கமிட்டி எங்கிட்ட குடுத்துச்சு. நான் எங்க ஜெனரேட்டர் வண்டியில, ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குப் பின்னால சொருகி வச்சேன். யாருக்கும் தெரியாது. மதியக் கொடைக்கு கொட்டு முழங்குது, பொம்பளையாளுக கொலவ போடுதாவ, பாத்தா சொர்ணம் நடுங்குதா. கூந்தலு அவிழ்ந்து தொங்குது. கூட்டத்தப் பிளந்துக்கிட்டு ஓடி வந்து, வண்டிக் கதவத் தொறந்து, பிரம்ப எடுத்துட்டா. எனக்கு மேலு சிலுத்துட்டு. எம்பொண்டாட்டி தம்பி. சோறு பொங்கிக்கிட்டு, ஒயரு சுருட்டிக்கிட்டு கெடந்தவ. அன்னைலேருந்து முதல் மாலையும் முதல் திருநீறும் எங்க வீட்டுக்குத்தான்.

அவளுக்கு முன்கூட்டியே தெரியுமான்னா கேக்கிய? நீங்களும் என் கூடப்பொறந்த தம்பி மாதிரியே கேக்கிய. எப்படித் தெரியும்? எனக்கு வீட்டுல எதையும் மறைச்சுப் பழக்கம் கெடையாது, அதனால சாப்பிடும்போது, பிரம்பு நம்ம வண்டியிலதான் கெடக்கு, எவளுக்கு வாய்ச்சிருக்கோன்னு சொன்னேன். அவ மாவு கரைச்சிக்கிட்டு இருந்தா. கேட்டாளோ கேக்கலியோ. உனக்கு வந்துச்சுன்னா நம்ம வீட்டுக்கு எம்புட்டு மரியாதங்கறதயும் சொன்னேன். அது ஒரு ஆசைக்குச் சொல்லுதது. அதுக்காக வந்த சாமி இல்லன்னு ஆயிருமா?

கண்டக்டர், வழியில எங்கயாவது டீ குடிக்க நிப்பாட்டுவியளா? இல்லியா. சரி.

ரெண்டாவது வருசம் இன்னும் நல்லா வந்துச்சு. அந்தச் சமயத்துல எனக்கும் எந்தம்பிக்கும் ஒரு பாதத் தகராறு. வண்டி எங்க கொட்டகைக்குப் போவ அவன் எடத்து வழியாத்தான் போவணும், அவன் வேலி போட்டு அடைச்சிட்டான். போலீசுக்குப் போனேன், நடக்கல. கொடையில சொர்ணம் ஆடுதா, மைக்க நான்தான் பிடிச்சிருக்கேன். சாமி வாக்குச் சொல்லும்போது மைக்கு பிடிக்கிற வேல என்னுது. அம்மன் நேரா எந்தம்பியப் பாத்து, வழிய அடைச்சவன் வம்சத்த நான் அடைப்பேன்னுட்டா. அவன் அங்கனயே தரையில விழுந்துட்டான். மறுநாளே வேலியப் பிரிச்சிட்டான்.

பெறவு ஒரு நாளு வந்தான் வீட்டுக்கு. மதினி, அது அம்மன் சொன்னதா நீங்க சொன்னதான்னு கேட்டுக்கிட்டு. நான் விடுவனா? வாசல்லயே மறிச்சேன். ஏலே, சன்னதம் வந்தவகிட்ட சன்னதத்துல என்ன சொன்னன்னு கேக்கப்படாது, அவளுக்கு ஒண்ணும் தெரியாது, கேட்டா உனக்குத்தான் கேடுன்னு சொல்லி வெரட்டி விட்டேன். சொர்ணம் உள்ளேருந்து கேட்டுக்கிட்டுத்தான் நின்னா.

அந்தக் கொடைக்கு முன்னாலயும் நான் வீட்டுல சொல்லியிருந்தேன்னு வையுங்க, இந்தப் பாதச் சனியன் தீர அம்மன்தான் ஒரு வார்த்த சொல்லணும்னு. மனுசன் புலம்புவான்லா.

இதுக்கு நடுவுலதான் கனி கல்யாணம். அதையும் சொல்லிருதேன், இல்லன்னா உங்களுக்கு வெளங்காது. எங்க அக்கா செல்லக்கனி ஆலடிவிளையில இருக்கா. அவ மவன் சுயம்பு. அக்கா புது வீட்டுப் பால்காய்ப்புக்குப் போயிருந்தோம். நான் கொஞ்சம் குடிப்பேன், மறைக்கதுக்கு என்ன இருக்கு. அன்னைக்கு ஒரு வழியாக் குடிச்சிட்டேன். அந்தப் போதையில அக்கா கையப் பிடிச்சு, கனி உங்க வீட்டுக்குத்தான்னு சொல்லிட்டேனாம். காலையில எனக்கு ஒரு வார்த்த ஞாபகம் இல்ல. அக்காதான் சொன்னா, வாக்கு குடுத்திட்ட தம்பின்னு. சரின்னேன். வாக்குன்னா வாக்குதான். கனி நர்சிங் படிச்சிக்கிட்டு இருந்தா, நிப்பாட்டிட்டேன். சொர்ணம் சொன்னா, நெனவில்லாம சொன்னது எப்படி வாக்காவும்னு. நெனவு இருந்தா என்ன, இல்லாட்டா என்ன, சொன்னது என் வாய்லா?

எதுக்குச் சிரிக்கிய? சிரிக்கலியா. சரி.

அந்த வாத்தியார் இன்னொண்ணும் சொன்னாரு. போதைங்கிற சொல்லு கூட அறிவுங்கிற அர்த்தத்துல உள்ள ஒரு சொல்லோட ஒண்ணாப் பொறந்ததாம். சில பேரு அப்படிச் சொல்லுதாவளாம். எனக்குச் சிரிப்பாணி வந்துட்டு. குடிச்சா எங்க அறிவு இருக்கு? குடிச்சிட்டு நான் ரெண்டொரு தடவ சொர்ணத்துமேல கைய வச்சிருக்கேன். காலையில அவ மூஞ்சியப் பாத்தா எனக்கே ஒரு மாதிரி இருக்கும். அது நானா செய்யுதேன்? உள்ள போன சரக்கு செய்யுது. அதப் போயி மனசுல வச்சிக்கிடலாமா?

சரி, கனிக்கு வாரேன். ரெண்டாவது கொடை முடிஞ்சு மழக்காலம். ஒரு நாள் மத்தியானம், சொர்ணம் அவ அண்ணன் வீட்டுக்கு ஒரு சடங்குக்குப் போயிருந்தா, நான் ஒத்தையில ரேடியோக் குழாய்க்கு பெயிண்டு அடிச்சிக்கிட்டு இருக்கேன். பாத்தா வாசல்ல கனி. கையில பை இல்ல ஒண்ணும் இல்ல. அப்பா, நான் இனும போவலன்னா. ஒரே வார்த்த. கையில முட்டிக்கு மேல என்னமோ கன்னிப் போயி இருந்துச்சு. தோசக்கல்லு பட்டிருக்கும், அவளுக்குச் சின்னதுலேருந்தே சமையல் வராது.

நான் திட்டல தம்பி. சத்தியமா ஒரு வார்த்த திட்டல. பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிட்டுப் போயி, அங்க கடையில ஒரு கலர் வாங்கிக் குடுத்தேன். ஆரஞ்சு கலரு, அவளுக்கு அதுதான் பிடிக்கும். பாதி குடிச்சா. புருசன் வீட்டுல நாலும் இருக்கும், அனுசரிச்சுப் போவணும், நான் அத்தைக்கு வாக்கு குடுத்திருக்கேன்லாட்டின்னு பக்குவமாச் சொன்னேன். அம்மைகிட்ட சொல்லாத, அவ கெடந்து கரைவான்னும் சொன்னேன். பெறவு பஸ் ஏத்தி விட்டேன். கண்டக்டர்கிட்ட சொல்லி முன்சீட்டுல ஜன்னலோரமா உக்கார வச்சேன், அவளுக்கு வாந்தி வரும். இதே பஸ்தான். இப்ப சொர்ணம் உக்காந்திருக்காள்லா, அந்த சீட்டுதான்.

பஸ்சு கெளம்புற வரைக்கும் நின்னுதான் அனுப்பினேன். அவ திரும்பிப் பாக்கல. தூங்கியிருப்பா.

இது எனக்கும் கனிக்கும் மட்டும் தெரிஞ்ச விசயம். சொர்ணத்துக்கிட்ட நான் சொல்லவே இல்ல. கனி போன்ல சொல்லியிருப்பாங்கிய. அவகிட்ட போன் கெடையாது, சுயம்பு வாங்கி வச்சிக்கிட்டான். அக்கா சொன்னா, புதுசாக் கெட்டிக்கிட்டுப் போனவளுக்கு எதுக்குத் தம்பி போனுன்னு. அதுவும் சரிதான்.

இப்ப மூணாவது வருசம். போன சித்திரை. நல்ல வெயிலு. அன்னைக்குன்னு பாத்து புதுக் குழாய் எடுத்து நாலு திசைக்கும் கெட்டியிருந்தேன், சத்தம் பக்கத்து ஊரெல்லாம் கேக்கும். சொர்ணத்துக்கு சன்னதம் வந்துட்டு. ஆனா போன வருசம் மாதிரி ஓடல, ஆடல. பிரம்ப ஊனிக்கிட்டு ஒரே எடத்துல நிக்கா. கொட்டடிக்கவங்களக் கையக் காட்டி நிப்பாட்டுனா. அப்பவே நான் சந்தேகப்பட்டிருக்கணும், கொட்ட நிப்பாட்டச் சொல்லுத சாமி உண்டுமா? வழக்கம் போல மைக்க அவ வாய்க்கிட்ட கொண்டு போனேன்.

ஏலே தவசிலிங்கம்னா.

கட்டுன பொண்டாட்டி வாயிலேருந்து ஏலேங்கிற சொல்லக் கேட்டா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது, உங்களுக்குக் கல்யாணம் ஆகல. சாமின்னா யாரையும் ஏலேன்னுதான் சொல்லும், சரி. பெறவு சொல்லுதா. வாசல் தேடி வந்த புள்ளைக்கு ஒரு கலர வாங்கிக் குடுத்து, வந்த வழியே பஸ் ஏத்தி விட்டவன்லா நீ. அவ கையில சூட்டுத் தழும்பு இருந்துச்சே, பாத்தியா, பாக்காத மாதிரி இருந்துக்கிட்டியா? அடுத்த கொடைக்கு கால்நாட்டுக்கு முன்னால அந்தப் புள்ள எம்முன்னால வந்து நிக்கணும். நிக்கலன்னா உங்க ஊரு கொட எனக்கு வேண்டாம். இம்புட்டும் என் மைக்குல. என் குழாய்ல. பக்கத்து ஊருல களை எடுத்துக்கிட்டு இருந்தவன் கூட கேட்டிருக்கான்.

மைக்க எடுத்திருக்கலாம்லான்னு எல்லாரும் கேக்காவ. ஆஃப் பண்ணியிருக்கலாம்லான்னும் கேக்காவ. கை வரல தம்பி. பிடிச்சது பிடிச்ச மேனிக்கு நின்னுட்டேன்.

சாமி மலையேறிட்டு. சொர்ணத்துக்கு தண்ணி குடுத்தாவ, குடிச்சா. ஊரே என்னப் பாக்குது. கலர்ங்கறது வரைக்கும் எப்படித் தெரியும்? வீட்டுக்குப் போயி கதவச் சாத்திட்டு கேட்டேன், ஏட்டி, அது யாரு பேசுனதுன்னு. எனக்கு ஒண்ணும் தெரியாது, சன்னதம் வந்தவகிட்ட கேக்கப்படாதுன்னு நீங்கதான உங்க தம்பிகிட்ட சொன்னியங்கா. சொல்லிட்டு அரிசி களையப் போயிட்டா. அன்னைக்கு நான் குடிக்கல. குடிச்சிருந்தா நடந்திருக்கதே வேற.

அன்னைலேருந்து இந்தப் பாடுதான். கமிட்டி சொல்லிட்டு, அம்மன் வாக்க மீற முடியாது, நீ மவளக் கூட்டிட்டு வா, இல்லன்னா கால்நாட்டு கெடையாதுன்னு. கால்நாட்டுன்னா பந்தல் முதக்கால் ஊனுதது, அதுலதான் கொட தொடங்கும். வார செவ்வாக்கெழம அது. அங்க அக்கா என்னடான்னா, உம்பொண்டாட்டி வேசம் போடுதா, அவ ஆட்டத்துக்கெல்லாம் நாங்க மருமவள அனுப்ப மாட்டோம்னு கண்டிசனாச் சொல்லிட்டா. தீவாளிக்கும் அனுப்பல, பொங்கலுக்கும் அனுப்பல. நான் நடுவுல கெடந்து சாவுதேன். அக்காவுக்குக் குடுத்த வாக்கு ஒரு பக்கம், அம்மன் வாக்கு ஒரு பக்கம்.

இதுக்கு ஒரே வழிதான் உண்டு. அது சன்னதம் இல்ல, நான்தான் பேசுனேன்னு சொர்ணம் ஒரு வார்த்த கமிட்டி முன்னால சொல்லணும். தீந்துச்சு. அம்மன் வாக்கு கெடையாதுன்னு ஆயிரும், கொடையும் நடக்கும், அக்காவுக்கும் சமாதானம். நானும் மன்னிச்சு விட்டுருவேன். இத எத்தன தடவ கேட்டுட்டேன். கெஞ்சியும் கேட்டேன். தெரியாது தெரியாதுன்னே சொல்லுதா.

நீங்களே சொல்லுங்க, புருசன் பொண்டாட்டிக்குள்ள சாமி எதுக்கு? மவள நெனச்சு வருத்தமா இருந்தா நேரா எங்கிட்ட சொல்ல வேண்டியதுதான. சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா? கல்லா நான்? நேரா வாயத் தொறந்து சொன்னா கேக்காத மனுசன் உண்டுமா?

என்னது? முன்னால எப்பவாவது சொன்னாளான்னா?

சொன்னா. சொல்லாம என்ன. கல்யாணம் முடிஞ்ச மொதத் தீவாளிக்கு முறுக்கு சுட்டுக்கிட்டு இருக்கும்போது, கனியப் பாத்துட்டு வருவமா, எனக்கு என்னமோ மாதிரி இருக்குன்னா. சும்மா கெட, அக்கா தப்பா நெனப்பான்னேன். பெறவு ஒரு நாளு ஆலடிவிளையிலேருந்து யாரோ வந்து, புள்ள மெலிஞ்சிட்டாளேன்னு அவகிட்ட சொல்லிட்டுப் போயிட்டாவ. அன்னைக்கு ஒரே அழுக. நான் எந்திரிச்சு வெளிய போயிட்டேன். அதெல்லாம் பொம்பளைங்க பொலம்புதது தம்பி. அதச் சொல்லுததுன்னு எப்படிச் சொல்ல முடியும்?

சாமின்னா ஒரு பயம் இருக்கும். கேப்போம். மனுசி பொலம்பினா, அது தெனமும் உள்ளதுதான.

அந்தா ஆலமரம் தெரியுது. விலக்கு வந்துட்டு. அவ எந்திரிக்கா பாருங்க. என் எடத்தக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க. நான் முன்னால போயி அவள மறிச்சு, இதே பஸ்ல அப்படியே திசையன்விளைக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். அங்கேருந்து வேற பஸ் பிடிச்சு வீட்டுக்கு. நாலு பேரு முன்னால சத்தம் போட மாட்டா, அது எனக்குத் தெரியும். இருங்க, இப்ப வாரேன்.

நகருங்க தம்பி. உக்காந்துக்கிடுதேன்.

ஆமா, அவ எறங்கிட்டா. நான் எறங்கல.

பின்னால உங்களுக்குக் கேட்டுச்சா? கேட்டிருக்காது. அவ சத்தமே போடல, இஞ்சின் சத்தம் வேற. முன்னால உள்ளவங்களுக்குக் கேட்டுச்சு. டிரைவர் திரும்பிப் பாத்தாரு.

படியில கால வச்சிட்டா. நான் தோளப் பிடிச்சேன். ஏட்டி, கோட்டி பிடிச்சிருக்கா உனக்கு, பஸ்லயும் சாமி வேசம் போடப் போறியான்னேன். திரும்பினா. மூஞ்சிக்கு நேரா மூஞ்சியப் பாத்து, சாமி வரலன்னா. அன்னைக்கும் வரல, மைக்குல பேசுனது நான்தான். பஸ் ஸ்டாண்டுல கலர் குடுத்த கடைக்காரம்மா எல்லாம் சொல்லிட்டா. நீங்களா ஒரு நாள் வாயத் தொறந்து சொல்லுவியன்னு கொட வரைக்கும் பாத்தேன். கனியக் கூட்டிட்டு வந்த பெறவு கமிட்டி முன்னால நானே இதச் சொல்லுவேன், பிரம்பு எனக்கு வேண்டாம்னா.

நான் கேட்டது கெடச்சிட்டு பாத்தியளா. ஒரு வருசமா இதுக்குத்தான அலைஞ்சேன். கண்டக்டர் சாட்சி, டிரைவர் சாட்சி. சொன்ன ஒடன நான் அவளப் பிடிச்சு இழுத்திருக்கணும்லா?

அவ நிப்பாட்டல. மொத வருசமும் ரெண்டாவது வருசமும் என் வாயில பேசுனது நீங்கன்னா. மூணாவது வருசந்தான் நான் பேசுனேன்.

சொல்லிட்டு என் கையத் தோள்லேருந்து எடுத்து விட்டா. தட்டி விடல, எடுத்து விட்டா. நீங்க எறங்கண்டாம், போயி உக்காருங்கன்னா. முந்தானைய இழுத்து இடுப்புல இறுக்கிச் சொருகிக்கிட்டு, மஞ்சப்பையத் தூக்கிக்கிட்டு எறங்கிட்டா. அந்தா போறா பாருங்க, ரோட்டுல. ஒத்தையில. அக்கா வீட்டுல சுயம்பு இருப்பான், அவன் அண்ணன் தம்பிங்க இருப்பாங்க. இவ பாட்டுக்குப் போறா.

நான் ஏன் வந்து உக்காந்தேன்? உங்களத்தான் கேக்கேன். கொட்டு இல்ல, கொலவ இல்ல. கூந்தலு அவிழல, ஒடம்பு ஆடல. ஏலேன்னு கூட சொல்லல, நீங்கன்னுதான் சொன்னா. போயி உக்காருங்கன்னா, வந்து உக்காந்துட்டேன். இந்தக் கையப் பாருங்க. மைக்கு பிடிச்ச கை. எப்படி நடுங்குது பாருங்க, பிடிச்சாலும் நிக்க மாட்டேங்குது. நான் இன்னைக்கு ஒரு சொட்டு குடிக்கல தம்பி, வேணும்னா ஊதிக் காட்டுதேன். இதுக்கு உங்க அகராதியில என்ன பேரு?

தெரிஞ்சு பேசுனா வேசம்னு நான் மொதல்ல சொன்னத எழுதிட்டியளா? எழுதலியா. இருக்கட்டும், எழுதண்டாம்.

கண்டக்டர் வாராரு. எனக்கு விலக்கு வரைக்குந்தான் டிக்கெட்டு. எங்க போவணும்னு கேப்பாரு. என்ன சொல்ல?